செவ்வாய்க்கிழமைச் சிங்கம்

தாம்பரம் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை மீன் விற்காது. கடலில் வலை கிழியும் அளவுக்குப் பட்டிருந்தாலும், செவ்வாயன்று மாடம்பாக்கத்திலோ சேலையூரிலோ ஒரு வீட்டுக் கதவும் மீனுக்காகத் திறக்காது. "இன்னிக்குக் கவுச்சி இல்லம்மா" என்று ஜன்னல் வழியாக ஒரு குரல் வரும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். ஆனால் வெள்ளியன்று குப்பத்தில் கோயில் வேலையும் வீட்டு வேலையும் நாளைத் தின்றுவிடும். ஆகவே கோவளத்தைத் தாண்டித் தெற்கே, கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் அந்தக் குப்பத்தின் மீன்காரப் பெண்கள் ஏழு பேருக்கு வாரத்தில் உண்மையான லீவு என்று ஒன்று இருந்தால் அது செவ்வாய்தான்.

மற்ற நாட்களில் ஏழு பேரும் விடிவதற்குள் ஏலத்தில் மீனை எடுத்து, ஐஸ் போட்டு, அருண்ராஜின் சரக்கு வண்டியில் ஏறிவிடுவார்கள். குட்டி யானை என்று ஊரே சொல்லும் சின்ன வண்டி. கேளம்பாக்கம், மாம்பாக்கம், கொளப்பாக்கம் வழியாக வண்டலூர் வந்து, அங்கிருந்து தாம்பரம் வரைக்கும் ஒவ்வொருத்தியாக இறங்கிக்கொள்வார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் காலிக் கூடைகளோடு அதே வண்டியில் திரும்புவார்கள். கால் வலிக்கும். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் பேசுவதற்கென்று ஒரு ஆள் உண்டு. அவள் புஷ்பலதா.

புஷ்பலதாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஏழு பேரில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் அவள் ஒருத்தி. வாடிக்கையாளர் வீட்டுச் சண்டை, கல்யாணம், நாய் குட்டி போட்டது, எல்லாம் அவள் வாயில் கதையாகும். ஆனால் வண்டியில் அதிகம் கேட்கப்படும் கதை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக் கதைதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் அவளுக்குக் கொளப்பாக்கத்துத் தெருக்கள் வாய்த்தன. ஒரு காலையில் மதில் பக்கமாகக் கூடையோடு நடந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சிங்கம் கர்ஜித்தது. கூடை தலையிலிருந்து விழாமல் பிடித்துக்கொண்டதே பெரிய காரியம். அன்று மதியம் வண்டியில், "இன்னிக்கு சிங்கம் கத்துனதக் கேட்டேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்த பச்சையம்மா கண்ணை விரித்து, "பாத்தியாக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

"பாத்தேன்" என்றாள் புஷ்பலதா.

அந்த ஒரு சொல்லில் ஆரம்பித்தது. அடுத்த வாரம், காணும் பொங்கலுக்குப் புருஷன் கோபுவோடு உள்ளே போய் வந்த கதை பிறந்தது. வெள்ளைப் புலி கூட்டத்தில் அவளை மட்டும் பார்த்தது. நீர்யானை கொட்டாவி விட்டபோது அதன் வாயில் நம்ம அன்னக்கூடை இரண்டு கவிழ்த்து வைக்கலாம் போலிருந்தது. கோபுவின் தொப்பியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது. இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. காணும் பொங்கல் என்பது சென்னை முழுக்கப் பிள்ளை குட்டிகளோடு மிருகம் பார்க்கப் போகும் நாள். மீன்காரர்களுக்கோ அது வருஷத்திலேயே பெரிய வியாபார நாள். அந்த வருஷம் காணும் பொங்கலன்று புஷ்பலதா பார்த்த மிருகம், மீன் வெட்டும்போது காலைச் சுற்றிய பூனை ஒன்றுதான். கோபுவிடம் தொப்பியே கிடையாது.

இந்தத் தை மாதம் பச்சையம்மா திடீரென்று கேட்டாள்: "யக்கா, எத்தினி வருசமா சொல்லிக்கினே கீற. எங்களயும் ஒரு நாள் இட்டுகினு போயேன்."

வண்டியில் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். ஓரத்தில் கூடைமேல் சாய்ந்திருந்த பாப்பா மட்டும் கத்தவில்லை. பாப்பாவுக்கு அறுபது இருக்கும். கடற்கரை ஏலத்தில் அவள் குரல் எழும்பினால் மற்ற குரல்கள் தாமாக அடங்கும். புஷ்பலதா வருவதற்கு முன் வண்டியில் கதை சொல்லிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

"போவலாம்டி" என்றாள் பாப்பா, வெற்றிலையை ஓரம் தள்ளிக்கொண்டு. "உள்ள போனதும் இவ எந்தப் பக்கம் திரும்புறான்னு நான் பாக்கணும்."



அந்த வாரம் முழுக்கப் புஷ்பலதா ரகசியமாகப் பாடம் படித்தாள். மாடம்பாக்கத்தில் சிவன் கோயிலுக்குப் பின்தெருவில் ஹேமாவதியம்மா வீடு. அந்த ஊரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் வீட்டுமனையாகி, வீடெல்லாம் வாடகைக்குப் போய், இப்போது கணவர் ஏகநாதன் மாடியில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். வெள்ளைப் புலியைப் புஷ்பலதா முதலில் பார்த்ததே அந்தம்மாவின் செல்போனில்தான்.

"உள்ள போனதும் எந்தப் பக்கம்மா புலி?" என்று வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"ரொம்ப நடக்கணும் புஷ்பா. பேட்டரி கார் இருக்கும், அதுல ஏறிக்கோ. மொதல்ல பறவைங்க வரும்னு நெனைக்கறேன். ஏன், போறியா?"

"சும்மாதாம்மா கேட்டேன்."

எந்த நாளில் போகிறோம் என்று அவள் சொல்லவில்லை. அந்தம்மாவும் கேட்கவில்லை. மீன்காரர்கள் எங்கே போவதென்றாலும் செவ்வாய்க்கிழமைதான் போவார்கள். கல்யாணத்துக்குச் சேலை எடுப்பது, ஆஸ்பத்திரி, திருநீர்மலைக்கு வேண்டுதல், எல்லாம் செவ்வாய்தான். அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக ஏழு பேரில் யாருக்கும் தோன்றவில்லை.

செவ்வாயன்று குட்டி யானையைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. அருண்ராஜ் முந்தின நாளே சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கழுவி, மேலே பாய் விரித்திருந்தான். அப்படியும் ஒரு மூலையில் சங்கரா மீன் வாசனை இருந்தது. ஏழு பேர் தலையிலும் மல்லிகை. பச்சையம்மா கிளிப்பச்சையில் புதுச் சேலை கட்டியிருந்தாள். கடைக்காரன் ஒட்டிய சீட்டு முந்தானையில் அப்படியே இருந்தது. தூக்குச் சட்டிகளில் புளிச்சாதம், உருளைக்கிழங்கு, கருவாட்டுத் தொக்கு.

"குட்டி யானைல போயி பெரிய யானையப் பாக்கப் போறோம்" என்று அருண்ராஜ் சொன்னான். மாம்பாக்கம் வரும்வரை அதற்கே சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

புஷ்பலதா மட்டும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரி கார். மொதல்ல பறவை. ரொம்ப நடக்கணும்.

ஒன்பதரை மணிக்கு வண்டி வண்டலூர் வாசலுக்கு வந்தது. பெரிய கதவு சாத்தியிருந்தது. பலூன்காரர் இல்லை. வெள்ளரிக்காய் விற்பவர் இல்லை. கதவோரம் நாற்காலி போட்டு ஒரு காவலாளி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சட்டையில் லாசரஸ் என்று பெயர் குத்தியிருந்தது.

புஷ்பலதா இறங்கிப் போனாள். "அண்ணா, டிக்கெட்டு எங்க குடுக்குறாங்க?"

"இன்னிக்கு லீவும்மா. செவ்வாக்கெழம."

"யாருக்கு லீவு?"

"எல்லாருக்குந்தான். மிருகங்களுக்கு ரெஸ்ட்டு."

வண்டியிலிருந்து பாப்பாவின் குரல் வந்தது. "இன்னாது, புலிக்கு ரெஸ்ட்டா? அது இன்னா கூடை தூக்கிக்கினு தெருத்தெருவா சுத்துச்சா?"

லாசரஸ் செய்தித்தாளை மடித்தார். சிரிக்காமல் பதில் சொன்னார். "ஆறு நாளும் ஜனங்க வந்து மொறச்சுப் பாத்துக்கினே கீறாங்கம்மா. பாக்குறவனுக்கு அது வேடிக்க. அதுக்கு அது வேலதானே? ஒரு நாளாவது படுத்துத் தூங்க வேணாமா?"

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கதவைப் பார்த்தார்கள், பிறகு புஷ்பலதாவைப் பார்த்தார்கள். பாப்பா கடைசியாக இறங்கி, கதவுக்குப் பக்கத்தில் இருந்த பலகையின் முன் போய் நின்றாள்.

"பச்ச, இங்க வா. இதுல இன்னா எழுதிக் கீது, படி."

பச்சையம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "செவ்வாய்க்கிழமை... விடுமுறை."

பாப்பா புஷ்பலதாவிடம் திரும்பினாள். "எத்தாம் பெரிய எழுத்து, பாத்தியா? எனக்குப் படிக்கத் தெரியாது. நான் வந்து ஏமாந்தா நாயம். நீ படிச்சவ, இந்தக் கதவு வழியா புருசனோட உள்ள போயி வெள்ளப் புலி கண்ணுல கண்ணு வெச்சுப் பாத்துட்டு வந்தவ. இந்தப் போர்டு மட்டும் உன் கண்ணுல படலியா?"

புஷ்பலதாவிடம் மூன்று பதில் தயாராக இருந்தது. போர்டு புதுசு. அப்போ கூட்டம் மறைத்தது. கோபு அவசரப்படுத்தினார். அதில் முதலாவதைச் சொல்ல அவள் வாயைத் திறந்த நேரத்தில், மதிலுக்கு அந்தப் பக்கம் மரங்களுக்குள் எங்கோ சிங்கம் கர்ஜித்தது.

பெரிய அலை எழும்புவதற்கு முன் கடல் உள்ளே ஒரு மூச்சு இழுக்குமே, முதலில் அப்படி ஒரு சத்தம். பிறகு அது உருண்டு உருண்டு வந்தது. ஏழு பேரும் அருண்ராஜும் அசையாமல் நின்றார்கள். பச்சையம்மா தூக்குச் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். நான்கைந்து முறை கர்ஜித்துவிட்டு, லீவு நாளில் இது போதும் என்பது போல் அடங்கியது.

"அதான்" என்றாள் புஷ்பலதா. அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். கொளப்பாக்கத்துல மதிலாண்ட நின்னு இதக் கேட்டேன். உள்ள நான் போனதே இல்ல."



"அப்போ வெள்ளப் புலி?" என்றாள் பச்சையம்மா.

"ஹேமாவதியம்மா செல்போன்ல."

"நீர்யான கொட்டாவி?"

"அதுவும் செல்போன்தான்."

"கோபு மாமா தொப்பிய கொரங்கு புடுங்கிச்சே!"

"அது..." புஷ்பலதா தலையைக் குனிந்தாள். "அது நானா சொன்னது."

முதலில் அருண்ராஜுக்குத்தான் சிரிப்பு வெடித்தது. வண்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எட்டு வருசமா அந்தக் கொரங்கத் திட்டிக்கினு கீறேன்கா நானு!" பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பச்சையம்மா சிரிப்பும் அழுகையுமாகக் கண்ணைத் துடைத்தாள். புதுச் சேலை, பாவம்.

பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. "சரி, இனிமே வண்டில நீ வாயத் தொறக்காத. பொய்ய யார் வேணா சொல்லலாம். அதுக்கு நீ எதுக்கு? வூட்டுக்குப் போலாம், ஏறுங்கடி."

புஷ்பலதாவுக்குச் சுருக்கென்றது. பொய் வெளிப்பட்டதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியதுதான் நிஜம். ஆனால் மதிய வெயிலில் காலிக் கூடைகளுக்கு நடுவே "சொல்லுக்கா" என்று ஆறு முகம் திரும்புமே, அது இனி இல்லையா? இந்த வண்டி இப்படியே வெறுங்கையோடு குப்பத்துக்குத் திரும்பினால், நாளையிலிருந்து அவள் வாய்க்குப் பூட்டுதான். எப்படியாவது இன்று பொழுது சாய்வதற்குள் இவர்களுக்கு ஒரு மிருகத்தை, நிஜமான ஒன்றைக் காட்டியாக வேண்டும்.

அவள் லாசரஸிடம் திரும்பிப் போனாள். "அண்ணா, செவ்வாக்கெழம தொறந்திருக்கற எடம் எதுனா சொல்லுங்கண்ணா. இவ்ளோ தூரம் வந்துட்டோம்."

லாசரஸ் விரல் விட்டு எண்ணினார். "முட்டுக்காட்டாண்ட பழைய வூடெல்லாம் வெச்சு ஒரு மியூசியம் கீது. அதுவும் செவ்வாக்கெழம லீவு. கிண்டி பார்க்கும் லீவு. எல்லாத்துக்கும் இந்த நாள்தான் கெடச்சுது போல. ஆங், ஒண்ணு கீது. கோவளம் தாண்டி முதலப் பண்ண. அவங்களுக்குத் திங்கக்கெழமதான் லீவு. இன்னிக்குத் தொறந்திருக்கும்."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்ம முதலப் பண்ணையா?" என்றாள் பச்சையம்மா.

நம்ம என்று அவள் சொன்னது சரிதான். குப்பத்திலிருந்து சாலைக்கு ஏறினால் பத்து நிமிட நடையில் அதன் வாசல். தினமும் அதைத் தாண்டித்தான் வண்டி போகும். சுற்றுலா பஸ் நிற்பதையும் வெள்ளைக்காரர்கள் தொப்பியோடு இறங்குவதையும் பார்த்துப் பார்த்து, அந்த வாசலும் ஒரு மின்கம்பம் மாதிரி ஆகிவிட்டது. அங்கே போகலாம் என்று ஒருநாளும் யாருக்கும் தோன்றியதில்லை.

"அதுவா!" பாப்பா சேலைத் தலைப்பை உதறினாள். "அத நான் நூறு தபா பாத்தாச்சு. என் வூட்டு வாசல்ல கீறதப் பாக்கறதுக்கு வண்டலூர் சுத்திக்கினு வரணுமா? பேஜார் புடிச்ச வேல."

"நாங்க பாக்கலியேக்கா" என்றாள் பச்சையம்மா.

"நூறு தபா பாத்தவங்க நீங்க. எங்களுக்குச் சுத்திக் காமிங்க" என்றாள் புஷ்பலதா. அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் யார் காட்டினாலும் சரி, மிருகம் காட்டினால் போதும் என்றுதான் இருந்தது.

பாப்பா வண்டியில் ஏறினாள். லாசரஸ் எழுந்து வந்து வழியனுப்பினார். "புதங்கெழம வாங்கம்மா" என்றார்.

"புதங்கெழம நாங்க வந்தா தாம்பரத்துக்கு யாரு மீனு குடுப்பா?" என்று வண்டியிலிருந்து நான்கு குரல் ஒன்றாகக் கேட்டது.

பதினொன்றரைக்கு முதலைப் பண்ணை. சீட்டு வாங்கி உள்ளே நுழைந்ததும் சவுக்கு நிழலும் கடல்காற்றும். பாப்பா நிமிர்ந்து முன்னால் நடந்தாள். "என் பின்னாடி வாங்கடி" என்று இடப்பக்கம் திரும்பினாள். மற்ற ஆறு பேரும் அருண்ராஜும் வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். வழி நேராகக் கழிவறையில் போய் முடிந்தது.

"மொதல்ல எல்லாரும் போய்ட்டு வந்துடுங்க. அப்புறம் நடுவுல கேக்கக் கூடாது" என்றாள் பாப்பா.

மற்றவர்கள் நம்பினார்கள். புஷ்பலதா நம்பவில்லை. எட்டு வருஷம் பொய் சொன்னவளுக்குப் பொய்யின் நடை தெரியாதா? பாப்பாவின் தோள் நிமிர்ந்திருந்தது, பாதம் மட்டும் தயங்கியது.

முதல் தொட்டியின் மதிலோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். கீழே மணலில், ஒன்றின்மேல் ஒன்றாக, வெட்டிப் போட்ட பனங்கட்டைகள் மாதிரி முப்பது நாற்பது முதலைகள். வாயைத் திறந்தபடி, திறந்த வாய் திறந்தபடியே. பாப்பா மதிலைப் பிடிப்பதற்குப் பதிலாகப் புஷ்பலதாவின் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது அந்தக் கை.

"அடியம்மா" என்றாள் மூச்சுக்குள். "இத்தினி கீதா?"

புஷ்பலதா மெதுவாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். பாப்பா பார்வையை விலக்கவில்லை.

"நூறு தபா?" என்றாள் புஷ்பலதா, மற்றவர் காதில் விழாமல்.

"சொல்லிடாதடி." பாப்பாவின் குரல் அவ்வளவு தாழ்ந்து புஷ்பலதா கேட்டதே இல்லை. "பஸ்ஸுல வர்றவங்களுக்குன்னு நெனச்சேன். கூடையும் கையுமா போனா உள்ள உடுவாங்களா, இன்னா கேப்பாங்கன்னு... கூச்சமா இருந்துச்சு. அப்புறம் பாத்துட்டேன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். எல்லாரும் நம்பிட்டாளுங்க."

"அப்படித்தான் ஆவும்" என்றாள் புஷ்பலதா.

பின்னால் பச்சையம்மா கத்தினாள். "பாப்பாக்கா! இதெல்லாம் ஏன் வாயத் தொறந்துக்கினே கீது? உசுரு கீதா, பொம்மையா?"

பாப்பா திகைத்து நின்றாள். பக்கத்திலேயே ஒரு பலகை இருந்தது. புஷ்பலதா அதைப் படித்தாள். உதடு அசையாமல் பாப்பாவின் காதோரம் சொன்னாள்: "உடம்புச் சூட்டத் தணிக்கறதுக்கு. நாய் நாக்க தொங்கப்போடுற மாதிரி."

பாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஏலக் குரல் எழுந்தது. "வெயில் ஏறிச்சுன்னா அதுக்கு உடம்பு சூடாவும்டி! வேர்வ வராது. அதனால வாயத் தொறந்து காத்து வாங்குது. நாயி நாக்கத் தொங்கப்போடுதுல்ல, அப்டி!"

"தெரிஞ்சவங்களோட வந்தா அதுதான்" என்றாள் பச்சையம்மா, மனம் நிறைந்து.

அப்படித்தான் அன்று நடந்தது. பலகையைப் புஷ்பலதா படித்துக் கிசுகிசுப்பாள். பாப்பா ஊருக்கே கேட்கும்படி அறிவிப்பாள். நடுவில் பாப்பா தன் பங்குக்கும் சேர்த்துக்கொண்டாள். முட்டை இருக்கும் கூட்டின் சூட்டைப் பொறுத்துத்தான் குட்டி ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது என்று பலகை சொன்னது. பாப்பா அதைச் சொல்லிவிட்டு, "அதனால, அஞ்சும் பொட்டையா பெத்தான்னு முதலையில எந்த மாமியாளும் மருமவளத் திட்ட முடியாது. மண்ணத்தான் திட்டணும்" என்றாள். ஐந்து பெண் பெற்றவள் ஒருத்தி கூட்டத்தில் இருந்தாள். அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு முதலைகள் தண்ணீருக்குள் இறங்கின.

"தோ, அசைஞ்சிடுச்சு! பொம்ம இல்லடி!"

கூட்டம் சேர ஆரம்பித்தது. தி.நகரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் பாப்பாவின் பின்னாலேயே நடந்தது. அந்த வீட்டம்மா அருண்ராஜிடம், "இவங்க இங்க கைடா?" என்று கேட்டாள். "சீனியர் கைடு" என்றான் அருண்ராஜ், கண் சிமிட்டாமல்.

மீன் மட்டும் தின்னும் முதலை ஒன்று இருந்தது. உடம்பு முதலை, மூக்கு நீளமாய், ஒல்லியாய், ஊசி ஊசியாய்ப் பல்லோடு. இதற்குப் பலகை தேவைப்படவில்லை. ஏழு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்: "முரல் மீனு மூஞ்சி!"

"கடல்ல முரலாப் பொறக்க வேண்டியது, வழி தெரியாம முதலையாப் பொறந்துட்டுது" என்றாள் புஷ்பலதா. அன்று காலைக்குப் பிறகு அவள் உரக்கச் சொன்ன முதல் பேச்சு அது. எல்லாரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஊழியர் ஒருவர் மீன் வாளியோடு வந்தார். ஏழு பேரின் மூக்கும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. பாப்பா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏரி ஜிலேபிக் கெண்ட" என்றாள். ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். அந்த ஊழியர் தடுக்கக்கூட மறந்து நின்றார். "செவப்பாத்தான் கீது. நல்ல மீனுதான் தம்பி. ஆனா உங்க காம்பவுண்ட தாண்டுனா கடலு. அதுக்குப் போயி ஏரி மீனா?"

"அக்கா, அதுங்க ஆத்து முதலைங்க. ஆத்து மீன்தான் பழக்கம்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

"ஓ, நம்ம ஹேமாவதியம்மா மாதிரி. வஞ்சிரத்தத் தவுர வேற எதயும் தொடாது" என்றாள் புஷ்பலதா.

முதல் மீன் பறந்தது. அதுவரை கல்லாய்க் கிடந்த தண்ணீர் கிழிந்தது. நீள மூக்கு ஒன்று பக்கவாட்டில் ஒரு வீச்சு வீசி மீனைப் பிடித்து, தலைபக்கம் திருப்பிப் போட்டு விழுங்கியது. முள் குத்தாமல் மீனை எந்தப் பக்கமிருந்து விழுங்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்ததில் ஏழு பேருக்கும் அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. அடுத்த மீனுக்குப் பாப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. கை உயர்ந்தது. "ஒருதரம்! ரெண்டுதரம்!" என்று கடற்கரையில் கூவுவதுபோலவே கூவினாள். மீன் தண்ணீரைத் தொட்டதும் மூன்று மூக்குகள் மோதின. "மூணுதரம்! தோ, அந்தக் கட்ட வாலுக்குப் போச்சு!" மதிலோரம் நின்ற நாற்பது ஐம்பது பேரும் கை தட்டினார்கள். பச்சையம்மா குதித்த குதியில் முந்தானைச் சீட்டு கழன்று பறந்து போனது.

புளிச்சாதத்தைச் சவுக்கு நிழலில் சாப்பிட்டார்கள். பிறகு ஆமை பார்த்தார்கள், பாம்பு பார்த்தார்கள். உப்புநீர் முதலை ஒன்றைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அரை மணி நேரம் பார்த்தும் அது கண் இமைக்கவில்லை. "இதுக்கு இன்னிக்குத்தான் லீவு போல" என்றாள் பாப்பா. மூடும் நேரம்வரை இருந்தார்கள். வீட்டுக்கு வண்டியில் ஏறவே இல்லை. பேசிக்கொண்டே நடந்து போனார்கள், அருண்ராஜ் காலி வண்டியைப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தான்.

மறுநாள் புதன். வியாபாரம் முடிந்து வண்டி திரும்பியபோது புஷ்பலதா வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். வாயைத் திறக்காதே என்று சொன்னவள் பாப்பா. அந்தத் தடையை எடுக்க வேண்டியவளும் அவள்தான்.

மாம்பாக்கம் தாண்டியது. வண்டியின் கடகட சத்தம் மட்டும்.

"இன்னாடி, ஊமையாட்டம் வர்ற?" என்றாள் பாப்பா. "சொல்லு."

"இன்னாத்தச் சொல்ல?"

"நேத்து பாத்ததச் சொல்லுடி. முதலப் பண்ண."

"அதான் எல்லாரும் பாத்துட்டீங்களே."

"பாத்தா?" பாப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். "பாத்தது வேற, நீ சொல்றது வேற. பச்ச, காலத் தள்ளு, அவ நடுவுல உக்காரட்டும்."

புஷ்பலதா நடுவில் வந்து உட்கார்ந்தாள். கழிவறையில் முடிந்த வழியை விட்டுவிட்டு, பாப்பாக்கா முன்னால் நடந்துபோன கம்பீரத்திலிருந்து தொடங்கினாள். கட்டை வால் முதலை, அவள் சொல்லச் சொல்ல, கொஞ்சம் நீளமானது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. கேளம்பாக்கம் வருவதற்குள் இன்னொரு காரியமும் முடிவாகிவிட்டது. யார் முதலில் சொன்னது என்று பிறகு யாருக்கும் நினைவில்லை.

வியாழக்கிழமை காலை புஷ்பலதா மாடம்பாக்கத்தில் ஹேமாவதியம்மா வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள்.

"என்ன புஷ்பா, ஜூ போனீங்களா?"

"போனோம்மா. சிங்கம் கத்துச்சு." புஷ்பலதா அருவாமனையை விரித்து வைத்தாள். "அடுத்த புதங்கெழம மீனு வராதும்மா."

"ஏன், கடல் சரியில்லையா?"

"கடலுக்கு ஒண்ணும் இல்ல. எங்களுக்கு லீவு. ஏழு பேரும் வண்டலூர் போறோம்."

"புதன்கிழமையா? அன்னிக்கு மாப்பிள்ளையும் அனுப்பிரியாவும் வர்றாங்களே! மீன் குழம்புன்னு ஏற்கெனவே சொல்லிட்டேனே. ஒண்ணு பண்ணு, முந்தின நாளே கொண்டுவந்து குடுத்துடு. ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கறேன்."

"முந்தின நாளு செவ்வாக்கெழம. நீங்க கவுச்சி தொட மாட்டீங்களேம்மா."

மாடியிலிருந்து தக்காளிச் செடிகளுக்கு நடுவே ஏகநாதனின் சிரிப்பு கேட்டது. "மாப்பிள்ளையையும் ஜூவுக்கே அனுப்பிடு!"

"நல்லா இருக்கு உங்க பேச்சு" என்று மேலே பார்த்துச் சொன்ன அந்தம்மா, புஷ்பலதாவிடம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, போன தடவை போனப்போ புலி உன்னையே பாத்துதுன்னு சொன்னியாமே? பக்கத்துத் தெருவுல உங்க பாப்பாக்கா சொல்லிட்டிருந்தாங்க."

"அது செல்போன் புலிம்மா" என்றாள் புஷ்பலதா. "அடுத்த புதங்கெழம வரைக்கும் பொறுங்க. நெசப் புலி இன்னா பண்ணுச்சுன்னு வந்து சொல்றேன்."

அடுத்த தெருவில் பாப்பாவின் குரல் எழுந்தது. வழக்கமாக அந்தக் குரல் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று வரிசையாகப் போகும். இன்று வரிசை மாறியிருந்தது. கோயில் மதிலில் பட்டு, மாடி வீடுகளில் மோதி, மாடம்பாக்கம் முழுக்கக் கேட்டது.

"அடுத்த புதங்கெழம மீனு இல்லேய்... புலி பாக்கப் போறோம்! இன்னிக்கே வாங்கிக்கோ, சங்கராவேய்!"